மூட்டைத் தீவனத்தை நிறுத்தியபின் பால் ஏன் குறைந்தது?

தாராபுரம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர், மேட்டில் மூன்று ஏக்கர் கொறங்காடு, அதாவது மானாவாரி மேய்ச்சல் நிலம், நான்கு ஜெர்சி கலப்பினப் பசுக்கள். நிலம் மூன்று ஆண்டுகளாக இரசாயனம் படாமல் இருக்கிறது. பாலையும் இயற்கைப் பாலாக விற்க நினைத்து, இரண்டு மாதங்களுக்கு முன் கடையில் வாங்கும் மூட்டைத் தீவனத்தை ஒரே நாளில் நிறுத்தினீர்கள். இப்போது ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு வைக்கோல் 6 கிலோ, கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் 15 கிலோ, தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா ஒரு கிலோ போடுகிறீர்கள். 9 லிட்டர் கறந்த மாடு 5 லிட்டருக்கு இறங்கிவிட்டது. விலா எலும்பு தெரிகிறது. ஈன்று நான்கு மாதமாகியும் ஒரு மாடு சினைப் பருவத்துக்கு வரவில்லை. “இயற்கை முறையில் பால் இவ்வளவுதானா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இயற்கை முறைக்கும் இந்தப் பால் குறைவுக்கும் சம்பந்தமில்லை தம்பி. உங்கள் மாடுகள் பசியோடு நிற்கின்றன. வயிறு நிறைந்துதான் தெரியும். ஆனால் நிறைந்திருப்பது வைக்கோலும் தண்ணீரும்.

கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தீவனத்தில் கண்மதிப்பு நம்மை ஏமாற்றும். தீவனத்தில் உள்ள தண்ணீரை நீக்கினால் மிஞ்சுவதுதான் உலர்பொருள். 400 கிலோ எடையுள்ள கறவைப் பசு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவீதம், அதாவது 10 முதல் 12 கிலோ உலர்பொருள் தின்ன வேண்டும். நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நீங்கள் போடும் 15 கிலோவில் உலர்பொருள் 3 கிலோதான். வைக்கோலில் ஐந்தரை கிலோ வரும். மொத்தம் எட்டரை. அதைவிடப் பெரிய குறை புரதத்தில். வைக்கோலில் புரதம் நான்கு சதவீதத்தைத் தாண்டாது, நேப்பியரின் உலர்பொருளில் எட்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 450 கிராம் புரதம். பால் கறக்காமல் சும்மா நிற்கும் மாட்டின் உடம்பைக் காக்கவே 350 கிராம் வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 85 முதல் 90 கிராம் வேண்டும். ஆக, நீங்கள் போடும் தீவனம் தாங்குவது ஒரு லிட்டர் பாலை. மீதி நான்கு லிட்டரை அந்த வாயில்லா ஜீவன் தன் உடம்பைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விலா எலும்பு தெரிவதும் பருவத்துக்கு வராததும் அதனால்தான். உடம்பு தேறாமல் சினைப்பை வேலை செய்யாது.

அசோலாவைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். நல்ல தீவனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பச்சை அசோலாவில் 93, 94 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோவைப் பிழிந்து காயவைத்தால் 60 கிராம் தேறும். அதில் புரதம் 15 கிராம். ஒரு லிட்டர் பசும்பாலிலேயே 30 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒரு கிலோ அசோலா, தானியமும் புண்ணாக்கும் தவிடும் கலந்த அடர்தீவனத்துக்கு ஈடாகும் என்று உங்களிடம் சொன்னவர் ஈரத்தையும் சேர்த்து எடைபோட்டிருக்கிறார். தட்டுத்தட்டாக முளைக்கவைத்துப் போடும் மக்காச்சோள முளைத்தீவனத்துக்கும் இதே கதைதான். எடை ஏறுவது தண்ணீரால். இன்னொன்று, அசோலா தொட்டிக்குச் சூப்பர் பாஸ்பேட் போடச் சொல்வார்கள். நீங்கள் சாணக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரே நாளில் நிறுத்தியது. பசுவின் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. தீவனத்தை முதலில் தின்பவை அவை. பசு வாழ்வது அவற்றின் உழைப்பில். தானியத்தைச் செரிப்பவை ஒரு கூட்டம், நாரைச் செரிப்பவை வேறு கூட்டம். தீவனம் மாறினால் அந்தக் கூட்டங்கள் பெருகவும் குறையவும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நல்ல தீவனத்துக்கே மாற்றினாலும் பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதில் கால் பங்கைக் கூட்டி, நாலைந்து நாளுக்கு ஒரு படியாகத்தான் போக வேண்டும்.

இப்போது, எதையெல்லாம் விட வேண்டும் என்பது. அங்ககம் என்றால் இயற்கை முறைதான். நம் நாட்டின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் விதிகளில் யூரியா கலந்த தீவனம் கூடாது, கரைப்பான் ஊற்றி எண்ணெய் பிரித்த புண்ணாக்கும் தவிடும் கூடாது, மரபணு மாற்றப் பயிரிலிருந்து வந்தது எதுவும் கூடாது. மூட்டைத் தீவனத்தை நீங்கள் விட்டது அந்த வகையில் சரியே. ஆனால் மூட்டையை விட்டவர்கள் பலரும் அடுத்ததாகக் கை வைப்பது பருத்திக்கொட்டையில். “தாத்தா காலத்துத் தீவனம், இதில் என்ன இரசாயனம்?” என்று கேட்பார்கள். தாத்தா போட்ட பருத்தி வேறு. 2002இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்த பிறகு, இன்று நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுதான். கடையில் வாங்கும் பருத்திக்கொட்டையும் அதன் புண்ணாக்கும் மரபணு மாற்றப் பயிரே. நாட்டுப் பருத்தி விதைத்தவரிடம் நேரே வாங்க வழியிருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். வைக்கோலுக்கு யூரியாக் கரைசல் தெளித்து மூடிவைக்கும் முறையும் அப்படித்தான். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 21 நாள் என்று கால்நடை முகாம்களில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பலன் தரும் முறைதான். அங்ககப் பண்ணைக்கு மட்டும் ஆகாது.

பதிலாக என்ன போடுவது? அடர்தீவனத்தை நீங்களே அரைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவுக்குக் கம்பு, சோளம், மக்காச்சோளம் இவற்றில் கிடைப்பது 35 கிலோ, செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கு 15, எள்ளு அல்லது தேங்காய்ப் புண்ணாக்கு, இரண்டும் கலந்தால் இன்னும் நல்லது, 12, துவரம் பொட்டு அல்லது உளுந்தம் பொட்டு (பருப்பு உடைக்கும்போது மிஞ்சும் தோலும் குருணையும்) 15, எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு 20, தாது உப்புக் கலவை 2, கல்லுப்பு 1. தானியத்தை மாவாக்காமல் ரவை பதத்துக்கு உடைத்தால் போதும். புரதம் 17, 18 சதவீதம் நிற்கும். எண்ணெய் எடுக்காத தவிடு சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும், ஆகவே பத்து நாளைக்கு ஒரு முறை அரையுங்கள். அங்ககப் பண்ணை என்று சான்று வாங்கும் எண்ணம் இருந்தால் தானியமும் புண்ணாக்கும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தன என்பதற்கு ரசீதை எடுத்துவையுங்கள். தாது உப்பைப் பற்றித் தயக்கம் வேண்டாம், தேவைக்குச் சேர்க்க அனுமதி உண்டு.

கடலைப் புண்ணாக்கை மூக்கால் சோதித்து வாங்குங்கள். விரலால் உடைத்து உள்பக்கத்தைப் பாருங்கள். பச்சையோ சாம்பலோ பூத்திருந்தாலும், ஈர நெடி அடித்தாலும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மாட்டோடு நிற்பதில்லை, உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. பூச்சிமருந்து இல்லாத பால் என்று நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு வாங்கும் பாலில் அது இருக்கக் கூடாது.

அளவைச் சொல்கிறேன். 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்தக் கலவை இரண்டரை கிலோ, காலையும் மாலையும் பிரித்து. நேப்பியர் 20 கிலோ. பயறுவகைத் தழை 6 கிலோ. சோளத்தட்டு, அதாவது காய்ந்த சோளத் தண்டு, 2 கிலோ, கடலைக்கொடி ஒன்றரை கிலோ. உலர்பொருள் 11 கிலோவை ஒட்டி வரும், புரதம் ஒரு கிலோ 200 கிராமுக்கு மேல் வரும். இப்போதுள்ள நிலையிலிருந்து அடர்தீவனத்தை அரைக் கிலோவில் தொடங்கி மூன்று வாரத்தில் அங்கே கொண்டுபோங்கள். மெலிந்திருக்கிறதே என்று முதல் நாளே நான்கு கிலோ அள்ளி வைத்துவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலேயே ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் மீந்த சோற்றை மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் குழுதாழியில் கொட்டிவிட்டார்கள். நல்ல கறவைப் பசு, ஆசையாகத் தின்றது. மறுநாள் விடியற்காலையில் கட்டுத்தரையில் படுத்துவிட்டது. அசை இல்லை, சாணம் தண்ணீராகப் புளித்த வாடையோடு போனது, கண் உள்ளே போயிருந்தது. நான் வெளியூர் வேலையிலிருந்து வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. சோறு, கஞ்சி, மாவு எதுவானாலும் திடீரென்று அதிகமாக உள்ளே போனால் பெரிய வயிற்றில் அமிலம் பொங்கி, நாரைச் செரிக்கும் உயிர்களைக் கொன்று, இரத்தத்திலும் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் கால்நடை மருத்துவர்கள் இந்த நோவைப் பார்க்கிறார்கள். பொங்கலை மாட்டுக்கு ஒரு கை ஊட்டுங்கள், அது மரியாதை. அண்டாவோடு வைக்காதீர்கள்.

பசுந்தீவனத்துக்கு வருவோம். உங்கள் நேப்பியர் படத்தைப் பார்த்தேன். தலைக்கு மேல் வளர்ந்து கரும்பு மாதிரி கணு விட்டிருக்கிறது. பசுமையாகத்தான் இருக்கும், ஆனால் மாடு தண்டை ஒதுக்கும். ஒதுக்காமல் தின்றாலும் அதில் சத்து இல்லை. நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒரு அறுப்பு என்று கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாட்டுக்கு வருடத்துக்கு 29, 30 டன் வேண்டும். நேப்பியரில் கோ 4 ரகத்துக்கு ஏக்கருக்கு 150 டன் என்று சொல்வது யூரியாவை அறுப்புக்கு அறுப்பு போட்டால் வருவது. நீங்கள் பாதியைக் கணக்கில் வையுங்கள். அரை ஏக்கர் போதும். கட்டுத்தரை கழுவும் தண்ணீரையும் கோமியத்தையும் வாய்க்காலோடு அந்த அரை ஏக்கருக்கே திருப்பிவிடுங்கள். நேப்பியர் நிலத்தைச் சும்மா விடாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மூன்றாம் வருடம் தூர் மெலிந்துபோகும்.

உங்கள் தோட்டத்தில் இல்லாமல் போனது பயறுவகைத் தழை. இதுதான் அங்ககப் பண்ணையின் புண்ணாக்கு. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் பிடித்துத் தரும் பயிர் இருக்கும்போது, யூரியா வேண்டாம் என்பது நமக்குப் பெரிய இழப்பாகாது. 40 சென்டில் வேலிமசால் போடுங்கள். உலர்பொருளில் 20 சதவீதம் வரை புரதம், ஒரு முறை விதைத்தால் பல வருடம் அறுக்கலாம். விதை கடினமான தோல் உடையது, அப்படியே விதைத்தால் பாதி முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, விதையை ஐந்து நிமிடம் போட்டு வடித்து, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதையுங்கள். வரப்பெல்லாம் அகத்தி. வேலியில் கிளைரிசிடியா, அதன் வாடை மாட்டுக்குப் பிடிக்காது, அரை நாள் வாடவைத்துப் போட்டால் பழகிவிடும். சவுண்டல் (சூபாபுல்) தழை இருந்தால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. குதிரைமசால் போன்ற இளம் பயறுத் தழையைப் பனி ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டால் வயிறு உப்பிவிடும். முதலில் தட்டு, பிறகு தழை.

நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. “கொறங்காட்டை உழுது நேப்பியர் போடலாமா?”

போடாதீர்கள். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், க.பரமத்தி, அரவக்குறிச்சி என்று இந்த வறண்ட வட்டாரத்தில் நம் முன்னோர் மழையை மட்டும் நம்பி உண்டாக்கிவைத்த மேய்ச்சல் நிலம் அது. கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். புல், பயறு, மரம் மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக நிற்கின்றன. கொழுக்கட்டைப்புல்லின் வேர் ஆழத்தில் கிடக்கிறது. மூன்று மாதம் காய்ந்து சருகாகிவிட்டது என்று நினைப்பீர்கள், ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். புல்லே இல்லாத கோடையில் வெள்வேல மரம் காயை உதிர்த்துவிடும், ஆடும் மாடும் ஓடி ஓடிப் பொறுக்கும். காங்கயம் மாட்டின் வைரம் பாய்ந்த உடம்பு இந்த மண்ணில் மேய்ந்து வந்தது. இதை உழுது கிணற்றுத் தண்ணீரை மேட்டுக்கு இழுத்தால், இரண்டு கோடையில் கிணறும் வற்றும், கொறங்காடும் திரும்ப வராது.

மூன்று ஏக்கரையும் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு மூன்று பட்டிகளாகப் பிரியுங்கள். ஒன்றில் மேய்த்து, புல் நான்கு விரல் உயரத்துக்கு வந்ததும் அடுத்ததற்கு மாற்றுங்கள். வருடத்துக்கு ஒரு பட்டியையாவது புல் விதை உதிரும் வரை மாடு புகாமல் அடைத்துவையுங்கள். அடுத்த வருடத்துப் புல் அந்த விதையில் இருக்கிறது. புரட்டாசி மழையோடு நரிப்பயறும் கொள்ளும் தூவிவிடலாம். நான்கு கறவை மாடுகளின் முழு வயிற்றை மூன்று ஏக்கர் கொறங்காடு நிரப்பாது. ஆனால் பசுமை இருக்கும் மாதங்களில் மூன்று நான்கு மணி நேர மேய்ச்சல் தட்டிலும் தழையிலும் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும், குளம்பும் மூட்டும் நன்றாக இருக்கும், பருவத்துக்கு வந்த மாடும் கண்ணில் படும். அமெரிக்காவின் அங்ககப் பால் விதியில், வருடத்துக்குக் குறைந்தது 120 நாள் மேய்ச்சல், அந்த நாள்களில் உலர்பொருளில் 30 சதவீதமாவது மேய்ச்சலிலிருந்து என்று 2010இல் எழுதிவைத்தார்கள். உங்கள் பாட்டனார் எழுதாமலே செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தட்டுக்குக் கொஞ்சம் நிலம் ஒதுக்குங்கள். கிணற்றடியில் மிச்சமிருக்கும் இடத்தில் சோளத்தை நெருக்கி விதைத்து, நடுவில் தட்டைப்பயறு விடலாம். ஒரு எச்சரிக்கை: மழையில்லாமல் வாடிக் குட்டையாக நிற்கும் இளம் சோளத்திலும், அறுத்த தூரில் புதிதாகத் துளிர்த்ததிலும் சயனைடு நஞ்சு இருக்கும். மேய்ந்த சில நிமிடங்களில் மாடு மூச்சு வாங்கி விழும். பூ எடுத்த பிறகு அறுங்கள், அதற்கு முன் மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். மரவள்ளித் தழைக்கும் இதே எச்சரிக்கை. வைக்கோலை முழுதாக விட வேண்டியதில்லை. கோடையில் தட்டு தீர்ந்தால் மூன்று கிலோ வரை, நறுக்கி உப்புத் தண்ணீர் தெளித்து, தழையோடு கலந்து போடலாம். களைக்கொல்லி அடித்த வயலின் வைக்கோலா என்று கேட்டு வாங்குங்கள்.

மழைக்காலத்தில் சோளம் மிஞ்சினால் பிளாஸ்டிக் பீப்பாயில் ஊறுகாய்ப்புல் போட்டுவையுங்கள், அதாவது பசுந்தீவனத்தைப் புளிக்கவைத்துச் சேமியுங்கள். கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து, அரை நாள் வாடவைத்து, ஒரு அங்குலத்துக்கு நறுக்கி, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்து கையைத் திறந்து பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். உருண்டை உடனே உதிர்ந்தால் காய்ந்துபோயிற்று. உருண்டை மெல்ல விரிந்து, உள்ளங்கை ஈரமாக மட்டும் இருந்தால் அதுதான் பதம். காற்றுப் புகாமல் மிதித்து மூடி 45 நாள்.

தண்ணீர் விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி காட்டினால் போதாது. 8 லிட்டர் கறக்கும் மாடு கோடையில் 70, 80 லிட்டர் குடிக்கும். கட்டுத்தரையிலேயே நாள் முழுக்க எட்டும்படி தொட்டி கட்டி, பாசி படியாமல் தேய்த்துச் சுண்ணாம்பு அடியுங்கள். இது ஒன்றாலேயே இரண்டு மூன்று நாளில் பால் கூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

மாற்றம் சரியாகப் போகிறதா என்று மாட்டிடமே கேட்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், காலையில் போட்ட புதுச் சாணத்தில் ஒரு கை அள்ளி அரிசி களையும் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசுங்கள். உடைந்த தானியமும் புண்ணாக்குத் துணுக்கும் நிறைய மின்னினால் அடர்தீவனம் செரிக்காமல் வெளியே போகிறது. உங்கள் காசு சல்லடையில் கிடக்கிறது. அரை அங்குலத்துக்கு மேல் நீளமான நார் கிடந்தால், நாரைச் செரிக்கும் உயிர்களுக்குப் புரதம் போதவில்லை. இன்றைக்கு உங்கள் மாட்டுச் சாணத்தை அலசினால் நாராகத்தான் கிடக்கும், பாருங்கள். நன்றாகச் செரித்த சாணத்தில் மிஞ்சுவது ஒரே சீரான மெல்லிய தூள். பிறகு மாட்டின் இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள குழியில் முஷ்டியை அழுத்தி இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உள்ளே ஒரு அலை எழுந்து கையைத் தள்ளிவிட்டு இறங்கும். இரண்டு நிமிடத்தில் மூன்று முறை தள்ளினால் வயிறு நன்றாக வேலை செய்கிறது. மதியம் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பால் எவ்வளவு திரும்பும்? ஆறு வாரத்தில் 7 லிட்டருக்கு வரலாம். இந்த ஈற்றில் 9ஐ எதிர்பார்க்காதீர்கள், கரைந்த உடம்பு முதலில் தேற வேண்டும். பருவத்துக்கு வராத மாட்டை உடம்பு தேறியபின் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். அடுத்த ஈற்றுக்கு முன் 60 நாள் கறவையை நிறுத்தி ஓய்வு கொடுத்து, கடைசி மூன்று வாரம் அடர்தீவனத்தை மெல்லக் கூட்டிவந்தால் அந்த ஈற்றில் பழைய அளவு வரும்.

கன்றுக்கு எவ்வளவு பால் விடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டியாக வேண்டும். பிறகு கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், இரு வேளையாக. இரண்டாவது வாரத்திலிருந்தே இளம்புல்லும் ஒரு பிடி உடைத்த கம்பும் முன்னால் வையுங்கள், முகர்ந்து பழகட்டும். மூன்று மாதம் வரை பாலைக் குறைக்காதீர்கள்.

வேலிமசால் விதையை ஆடி மழைக்கு முன் வாங்கிவைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியை இந்த வாரமே கட்டுங்கள். மூன்று வாரம் கழித்து, சல்லடையில் என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துக் கலவையில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று சொல்கிறேன்.